பதின்மூன்று பேர் கண்ட கதவு

"மறுபடியும் அதே கதவா?"

"அதே கதவுதான், சார்."

"எத்தன பிள்ளைக?"

"வகுப்புல உள்ள பதிமூணும்."

குற்றாலிங்கம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். கனவு வாசிப்பகத்தின் தலைவர் அவர். வேட்டி கட்டிக்கொண்டு அலுவலகம் வருவதை யாரும் கேட்டதில்லை. அந்த அறையில் எப்போதும் மாலை மாதிரிதான் இருக்கும். யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று தெரியாது. சன்னல்களுக்கு நீலத் துணி. வெளியே கடற்கரைச் சாலையில் வெயில் உருகி ஓடும். உள்ளே திரைகளில் பிறத்தியார் கனவுகள், மழை பெய்த கண்ணாடிக்கு அப்பால் தெரிகிற தெருவைப் போல அசைந்துகொண்டிருக்கும்.

அவருக்குக் கீழே கனவு வாசிக்கிற அமலி அதை இன்னொரு முறை ஓடவிட்டாள்.

வெள்ளை வெளேரென்று உப்பளம். வானமும் அதே வெள்ளை. நடுவில், சுவர் இல்லாமல், வீடு இல்லாமல், ஒரு நீலக் கதவு மட்டும் நிற்கிறது. கனவுகளுக்குச் சத்தம் கிடையாது. ஆனாலும் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டுகிறார்கள் என்பது தெரிந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் கதவில் அப்பியிருந்த உப்பு கொஞ்சம் உதிர்ந்தது. யாரும் திறக்கவில்லை.

"கதவு எதுக்கு வரும், சொல்லு. சொர்க்கத்துக்குத்தான் வரும். யாரோ அந்தப் பிள்ளைகளுக்கு சொர்க்கவாசலக் காட்டிட்டு இருக்காங்க. பெறகு ஒரு நாள், அங்க போறதுக்கு வழி இதுதான்னு கையில எதையாவது குடுப்பாங்க."

"சொர்க்கவாசல்ல உப்பு அப்பியிருக்குமா சார்?"

"நீ கவித எழுதாத அமலி. ஒண்ணுபோல இருக்கா, இல்லியா?"

"இருக்கு."

"அப்பொ வியாழக்கிழம மத்தியானம் வரைக்கும் பாப்போம். மாறலன்னா பள்ளிக்கு சீல். பிள்ளைக தெளிவகத்துக்கு. அதுக்கு முன்னாடி நீ ஒருதரம் நேர்ல போய்ப் பேசிட்டு வா. நானும் மனுசந்தான்."

இப்படிச் சீல் வைக்க வழிசெய்த சட்டத்துக்கு நிலைப்படிச் சட்டம் என்று பெயர். பல வருடங்களுக்கு முன்னால் மலையூர்ச் சந்தையில் சில இளைஞர்கள் தீ வைத்தார்கள். எந்தச் சாமியின் பேரைச் சொல்லி வைத்தார்கள் என்று இப்போது ஒருவரும் உரக்கச் சொல்வதில்லை. பிறகு விசாரித்துப் பார்த்ததில், தீ வைத்த அத்தனை பேரும் மாதக்கணக்கில் ஒரே கனவைக் கண்டிருந்தார்கள். கனவில் வெறுப்பைத் தேடாதீர்கள், கனவில் சாதுவான ஆள்கூட வெட்டுவான் குத்துவான், எல்லாரும் ஒரே மாதிரி ஆகிறார்களா என்று மட்டும் பாருங்கள் என்றார்கள் விஞ்ஞானிகள். கோயில்காரர்களும் மாதாகோவில்காரர்களும் பள்ளிவாசல்காரர்களும் ஒன்றாக நின்று, பிள்ளைகளுக்கு மார்க்கம் சொல்லிக்கொடுப்பது எங்கள் உரிமை என்று வழக்காடினார்கள். நீதிமன்றம் அவர்களுக்கும் அரசுக்கும் பாதிப் பாதி கொடுத்தது. தேவார வகுப்போ மறைக்கல்வியோ ஓதுற பள்ளியோ, எந்த அதிகாரியும் அதன் நிலைப்படியைத் தாண்டக் கூடாது. என்ன பாடம் என்று கேட்கவும் கூடாது. ஆனால் அங்கே படிக்கிற பிள்ளைகள் தினமும் மதியம் அரைமணி நேரம் நெற்றியில் கனவைப் பதிகிற நாடா கட்டிக்கொண்டு தூங்க வேண்டும்.

'பாடம் உங்களுக்கு, தூக்கம் எங்களுக்கு' என்று ஜனங்கள் அதைச் சுருக்கிச் சொன்னார்கள்.

கனவு வாசிக்கிறவர்களுக்கும் தப்பிக்க வழியில்லை. புதன்கிழமை தோறும் அவர்களும் நாடா கட்டிப் படுக்க வேண்டும்.

*

சங்குத்துறைப் பட்டினத்தின் பெண்பிள்ளைகள் ஓதுற பள்ளி, உப்பளத்தைப் பார்த்த தெருவில் பச்சைச் சன்னல்களோடு இருந்தது. கோடை விடுமுறை, முழுநாள் வகுப்பு. சொல்லிக்கொடுக்கிற மைமூன் ஆலிமாவுக்கு ஐம்பது வயது இருக்கும். குரலை உயர்த்தாமலே குத்தத் தெரிந்தவர்.

"கனவு வாசிக்கிறவங்களா? வாங்க. உள்ள கூப்பிட முடியாது. கோவிச்சுக்கிடாதீங்க, ஒங்க சட்டம்."

"தெரியும் ஆலிமா. நான் தெருவுலயே நின்னுக்கிடுதேன்."

"நிக்கவாவது! இந்த வெயில்ல மயங்கி விழுந்தா பாதி ஒடம்பு உள்ள வந்துரும். அதுக்கொரு கேசு நடக்கும். ஹபீபா! அந்த நாற்காலிய நிலைப்படிக்கு வெளிய போடு புள்ள."

பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து போட்டாள். அமலியின் தோள்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆலிமா 'போ' என்று கண்ணால் சொன்னதும் கதவுக்குப் பின்னால் போனாள். ஆனால் ரொம்ப தூரம் போகவில்லை. திரைச்சீலையின் அடியில் அவளுடைய கால்விரல்கள் தெரிந்தன.

ஆலிமா உள்ளே பாயில் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவே ஒரு சாண் உயர மர நிலை. அதன் மேல் டீ வந்தது.

"இந்தப் பக்கம் போட்ட டீ. அந்தப் பக்கம் குடிக்கலாமில்ல?"

"டீயப் பத்தி சட்டத்துல ஒண்ணும் இல்ல."

"அப்பொ சீக்கிரம் குடிங்க. எழுதிறப் போறாங்க."

அமலிக்குச் சிரிப்பு வந்தது. உடனே, வந்த காரியத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

"ஆலிமா, நான் கேக்கக் கூடாத ஒண்ணக் கேக்கணும்."

"கேக்காதீங்க. நானாச் சொல்லுதேன். காலைல குர்ஆன் ஓதறது. பெறகு தொழுக, சுத்தபத்தம், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு செய்ய வேண்டியது. நேத்து, பூனையக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்டவளப் பத்திச் சொன்னேன். ரெண்டு பிள்ளைக அழுதுட்டாங்க. சோறு மிச்சம் வச்சு தெருப்பூன எல்லாத்தயும் இங்க சேத்துட்டாங்க. இதுல எது ஒங்களுக்கு உறுத்துது?"

"பாடம் இல்ல. கனவு. பதிமூணு பேருக்கும் ஒரே கனவு. பத்து நாளா."

ஆலிமாவின் கையில் இருந்த தம்ளர் நின்றது.

"என்ன கனவு?"

"அதச் சொல்லக் கூடாது."

"எங்க பிள்ளைக தூக்கத்துக்குள்ள நீங்க செருப்போட நடக்கலாம். அங்க என்னத்தப் பாத்தீங்கன்னு எனக்கு மட்டும் சொல்லக் கூடாது."

அமலி தெருவைப் பார்த்தாள். தெருவின் முடிவில் உப்பு வெயிலில் பளீரென்று கிடந்தது. கானல் ஆடியது. திரையில் பார்த்த அதே வெள்ளை. கண்ணை அதிலேயே வைத்துக்கொண்டு, கதவையும் தட்டுதலையும் சொன்னாள். சொல்லிவிட்டு, ஒன்பது வருட வேலையில் முதல்முறையாகச் சட்டத்தை மீறிவிட்டோம் என்று உணர்ந்தாள். ஒன்றும் இடிந்து விழவில்லை.

"நான் கதவு எதையும் சொல்லிக்குடுக்கல," என்றார் ஆலிமா மெதுவாக. "எங்கள்ல கனவுக்குன்னே ஒரு ஒழுக்கம் இருக்கு. நல்ல கனவு கண்டா, ஒன்மேல பிரியம் உள்ளவங்ககிட்ட மட்டும் சொல்லு. கெட்ட கனவுன்னா ஒருத்தர்கிட்டயும் சொல்லாத. இடப்பக்கம் லேசாத் துப்பி, அல்லாஹ்கிட்ட காவல் தேடிட்டு, திரும்பிப் படு. அது ஒன்ன ஒண்ணும் செய்யாது. இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்குடுத்த மொத விசயம் அதுதான். நீங்க வந்து அதப் புடுங்கிப் பாக்கீங்க."

"எங்கம்மையும் சொல்லுவா. கெட்ட கனவு கண்டா குழாயத் தொறந்து தண்ணிகிட்ட சொல்லிரு, ஓடிரும்னு."

"அவங்க தண்ணிகிட்ட சொன்னாங்க. நீங்க திரைல போடுதீங்க." ஆலிமா தம்ளரைக் கீழே வைத்தார். "மாறலன்னா?"

"வியாழக்கிழம சீல் வைப்பாங்க. பிள்ளைக ஆறு மாசம் தெளிவகத்துல இருக்கணும்."

"எங்கக்கா மவன் இருந்துட்டு வந்தான். நல்ல பிள்ளையாத்தான் வந்தான், கொற சொல்ல மாட்டேன். எதுத்துப் பேசறதில்ல. ஆனா அந்த மாத்திரைக்குப் பெறகு அவனுக்குக் கனவே வரல. தூங்கி எந்திரிச்சா சுவரப் பாத்துட்டே உக்காந்திருப்பான். என்னல தேடுதன்னு கேட்டா, எதோ வச்சிருந்தேன் சாச்சி, எங்கன்னு தெரியலம்பான்." அவர் கை நிலைப்படி மரத்தைத் தடவியது. "பதிமூணு பொம்பளப்புள்ளைக. சுவரப் பாத்துட்டு."

திரைச்சீலை அசைந்தது.

"ஆலிமா, அது என் கனவு."

ஹபீபா நிலைப்படியைத் தாண்டித் தெருவுக்கு வந்து, அமலியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளே நின்று சொன்னால் பள்ளிக்குக் குற்றமாகிவிடும் என்று யோசித்திருப்பாள் போல.

"மத்தவங்க என்ட்டருந்து வாங்கிக்கிட்டாங்க. அவங்கள ஒண்ணும் செய்யாதீங்க."

"கனவ எப்பிடிம்மா வாங்குறது?" என்றாள் அமலி.

"படுக்கும்போது பக்கத்துப் பாயில உள்ளவ காதுல சொல்லுவேன். அவ அடுத்தவ காதுல சொல்லுவா. கடேசிப் பாய் வரைக்கும் போகும். மொதல்ல ரெண்டு பேருக்குத்தான் வந்துச்சு. பெறகு எல்லாருக்கும் வந்துட்டு. சபீனாவுக்கு மட்டும் கதவு பச்சையா வந்துச்சு. அவளத் திட்டி நீலமாக்குனோம்."

"எதுக்கு?"

அந்தக் கேள்வி ஹபீபாவுக்கு விநோதமாக இருந்தது.

"போன வருசம் பக்கத்துப் பள்ளி ரஹ்மத்தப் புடிச்சுட்டுப் போனீங்கல்ல? அவ மட்டும் வேற மாதிரி கனவு கண்டிருப்பா. எல்லாரும் ஒரே யூனிபாரம் போட்டுட்டு நின்னா, டீச்சரால யாரு சேட்ட பண்ணுனான்னு கண்டுபுடிக்க முடியாதுல்ல? அது மாதிரி."

வாசிப்பகத்தில் எத்தனை மூளைகள், எத்தனை அறிக்கைகள்! ஒன்றுபோல ஆவது பயங்கரம் என்று மட்டுமே எல்லாரும் எழுதினார்கள். ஒருத்தியை மறைப்பதற்காகப் பன்னிரண்டு பேர் அவளைப் போல ஆகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"கதவுக்கு அந்தப் பக்கம் யாரு ஹபீபா?"

சிறுமி ஆலிமாவைப் பார்த்தாள்.

"சொல்லு புள்ள. இவுக டீ குடிச்சிருக்காக."

"ஜவ்ஹர் காக்கா. எங்கண்ணன். ரம்ஜானுக்கு முன்னாடி வீட்ட விட்டுப் போச்சுல்ல, திரும்பி வந்துச்சு. மத்தியானம். கதவத் தட்டிட்டே இருந்துச்சு. வாப்பா கதவுல முதுகச் சாச்சுட்டு நின்னாக, தொறக்கல. நான் பாத்துட்டு இருந்தேன். பெறகு தட்டுறது நின்னுபோச்சு. கனவுல கதவு தொறந்தா காக்கா மூஞ்சி ஒங்க திரைல தெரிஞ்சிரும். அதான் நாங்க யாருமே தொறக்கல. புடிச்சுக்கிட்டு இருக்கோம்."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. ஒரு பூனை நிலைப்படியின் மேல் ஏறி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அங்கேயே படுத்துக்கொண்டது.

"ஆலிமா," என்றாள் ஹபீபா சின்னக் குரலில், "கெட்ட கனவ அடுத்தவங்ககிட்ட சொன்னது குத்தமா?"

ஆலிமா நிலைப்படிக்கு வெளியே கையை நீட்டி, சரிந்திருந்த அவள் முக்காட்டை இழுத்துவிட்டார்.

"சொல்லாதேன்னுதான் சொல்லிக்குடுத்தேன். நீ மொகம் வாடி வந்தப்ப, கனவா இருக்கும், கேக்கக் கூடாதுன்னு நானும் இருந்துட்டேன். அது கனவே இல்ல. நடந்தது. நடந்ததக் கேட்டிருக்கணும். ஒங்கள்ல குத்தம் இருந்தா அல்லாஹ் பாத்துக்கிடுவான். என் குத்தத்த நான் பாக்கேன்."

*

வீட்டில் ஜோவின் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். அமலியின் மகன், பதினைந்து வயது. சாப்பாட்டுக்கு மட்டும் திறக்கும் கதவு அது. மறைக்கல்விக்குப் போய்க்கொண்டிருந்தவனை இரண்டு வருடங்களுக்கு முன் அவளே நிறுத்தினாள். தினமும் பிறத்தியார் பிள்ளைகளின் தூக்கத்தைப் பார்க்கிறவளுக்கு, தன் பிள்ளையின் தூக்கத்தை வேறொருத்தி பார்ப்பாள் என்ற நினைப்பே பொறுக்கவில்லை. நாடா இல்லை, அறிக்கை இல்லை. சுத்தமான பிள்ளை.

"இன்னைக்கு எங்கம்மா போன?"

"சங்குத்துறைக்கு. ஒரு ஆலிமா நல்ல டீ குடுத்தாங்க. இஞ்சி தட்டிப்போட்டு."

ஜோவின் மீன்முள்ளைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினான்.

"அவர்களை நம்பக் கூடாது. இன்று தேநீர் தருவார்கள். நாளை நம்மைத் தெருவில் நிறுத்துவார்கள்."

அமலி நிமிர்ந்து பார்த்தாள். அந்த வீட்டில் தேநீர் என்று யாரும் சொன்னதில்லை. அவள் மகன் 'போறாங்க' என்பான், 'தராங்க' என்பான். இது யாரோ எழுதி, யாரோ படித்துக்காட்டி, எங்கேயோ கேட்டு மனப்பாடம் ஆன வாக்கியம்.

"இது யாரு சொன்னதுல?"

"எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருன்னா?"

"விடும்மா, நீ ஒண்ணு."

தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவன் அறைக்குள் போனான். நல்ல பிள்ளை, தட்டைக் கழுவி வைக்கிற பிள்ளை. கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

*

மறுநாள் ஹபீபாவின் தகப்பனார் மீராசா ஓதுற பள்ளி வாசலுக்கு வந்தார். உப்பு ஏற்றி அனுப்புகிற வேலை அவருக்கு. சட்டையின் மடிப்புகளில்கூட உப்பு வெளுத்திருந்தது. தெருவில் அமலிக்கு எதிரே, நாற்காலி வேண்டாம் என்று நின்றார். ஆலிமா திரைச்சீலைக்கு உள்ளே இருந்து பேசினார்.

"அவன் எங்க இருக்கான்னு தெரியுமா மீராசா காக்கா?"

"மோட்டார் கொட்டகைல. உப்பளத்து ஆளுக சோறு குடுக்காங்க. எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது."

"எதுக்குத் திரும்பி வந்தானாம்?"

"போன்ல மார்க்கம் பேசுனவன நம்பிப் போனவன் கையில தீப்பெட்டியக் குடுத்தாங்களாம். கடைத்தெருவக் காட்டுனாங்களாம். வேண்டாம்னு ஓடி வந்துட்டான்." மீராசா கைகளைத் தட்டினார், உப்பு உதிர்ந்தது. "நான் என்ன செய்ய? கதவத் தொறந்தா மறுநாளே இந்தச் சின்னப்புள்ள பேரு மேல போகும். அவ நெத்தியில நாடா இருக்கே. ஒருத்தனக் காப்பாத்தப் போயி ரெண்டு பேரையும் குடுக்கவா? கதவுல முதுகு வச்சு நின்னேன். ஒவ்வொரு தட்டும் எலும்புல கேட்டுது."

"வாப்பா," என்று ஆரம்பித்த ஹபீபாவை அவர் தன் பக்கம் அணைத்துக்கொண்டார்.

அமலி சொன்னாள்: "ஒரு வழி இருக்கு. தானாத் திரும்பி வந்தவன வீட்டுலயே வச்சுக்கிடலாம். ரெண்டு பேரு பொறுப்பேக்கணும். கதவத் தொறந்தவங்க ஒருத்தர், ஓதிக்குடுத்தவங்க ஒருத்தர். வந்து விசாரிப்பாங்க. அடைக்க மாட்டாங்க. கூடப்பிறந்தவங்க பேரும் மேல போகாது."

"இப்பிடி ஒண்ணு இருக்குன்னு யாருமே சொல்லலியே!"

"யாரும் கேட்டதில்ல. கதவத் தொறக்கவே எல்லாருக்கும் பயம்."

"ஓதிக்குடுத்தவங்களுக்கு எங்க போறது?" திரைக்குள்ளிருந்து ஆலிமாவின் குரல் வந்தது. "பன்னெண்டு வயசுலயே அவன நிறுத்திட்டீங்களே காக்கா."

"நாடாவுக்குப் பயந்து நிறுத்துனேன். எம்புள்ள பேரு எங்கயும் வரக் கூடாதுன்னு."

"எங்கயும் வரலதான். பள்ளிக்குப் போயிருந்தா ஒரு உஸ்தாத் இருந்திருப்பாரு. சேட்ட பண்ணுனா திட்டுவாரு, சந்தேகம்னா பதில் சொல்லுவாரு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுவாரு. போனுக்குள்ள ஒருத்தன் அவனுக்கு மார்க்கம் பேசுனானே, அவனுக்கு நிலைப்படியும் இல்ல, நாடாவும் இல்ல. தெரியலங்கிற வார்த்தையும் அவன் வாயில இல்ல. எல்லாம் தெரிஞ்சவன். அவன் தூக்கத்த யாரு பாத்தா? எங்க பிள்ளைக தூக்கத்தத்தான் காவல் காக்காங்க."

அமலி டீத் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறிப்போயிருந்தது. எல்லாம் தெரிஞ்சவன். எல்லாருக்கும் தெரியும். அவள் காதுக்குள் மகனின் குரல் எழுத்துத் தமிழில் பேசியது.

திரைச்சீலைக்குள் ஆலிமா நீளமாக மூச்சு விட்டார்.

"ஆறு வயசுல இதே பாயில உக்காத்தி வச்சு, கைபுடிச்சு அவன எழுத வச்சது நாந்தான். மூக்கு ஒழுகும், என் முந்தானைலயே தொடப்பான். அது போதும்னா, நான் பொறுப்பு. நாளைக்கு அவன் தப்பாப் போனா என்னயும் கேளுங்க."

மீராசா மகளின் கையைப் பிடித்தார். பிறகு இருவரும் உப்பளத்தின் பக்கம் நடந்தார்கள். வெள்ளையில் கொஞ்ச தூரம் போனதும் கானல் அவர்களுடைய கால்களைத் தின்றது. பிறகு இடுப்பை. கடைசியில் இரண்டு தலைகள் மட்டும் வெயிலில் மிதந்துபோயின.

*

வியாழக்கிழமை மதியம் குற்றாலிங்கம் தாமே திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். சீல் வைக்கப் போகிறவர்கள் கீழே வண்டியில் காத்திருந்தார்கள்.

"பிள்ளைக படுத்தாச்சா?"

"படுத்தாச்சு சார்."

பதின்மூன்று திரைகளிலும் வெளிச்சம் வந்தது. வெள்ளை உப்பளம். வெள்ளை வானம். நடுவில் நீலக் கதவு.

"அதேதான்," என்றார் குற்றாலிங்கம். குரலில் வருத்தம் இருந்தது.

"கொஞ்சம் பொறுங்க சார்."

உப்பு உதிர்ந்தது. மறுபடி உதிர்ந்தது. பிறகு ஒரு திரையில், பிறகு அடுத்ததில், கதவு உள்பக்கமாகத் திறந்தது.

ஒரு பிள்ளையின் கதவுக்கு அப்பால் குச்சி ஐஸ் வண்டி நின்றது. வண்டிக்காரருக்குப் பதில் ஓர் ஆடு மணி அடித்தது. இன்னொருத்தியின் கதவுக்குப் பின்னால் கடல் சுவரைப் போல நின்றுகொண்டிருந்தது, மீன்கள் சன்னல் வழியாக எட்டிப்பார்ப்பதுபோல் பார்த்தன. ஒருத்திக்கு, வளைகுடாவில் வேலை பார்க்கிற உம்மா பெட்டியோடு வந்து நின்று, பெட்டியைத் திறக்க, பெட்டிக்குள்ளிருந்து இன்னொரு உம்மா எழுந்து வந்தாள். சபீனாவின் கதவு மறுபடி பச்சையாகிவிட்டது; அவளைத் திட்ட இப்போது யாரும் இல்லை. தெருப்பூனைகள் வரிசையாக உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தன ஒரு திரையில்.

குற்றாலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். அந்த அறையில் அவர் சிரித்து அமலி கேட்டதில்லை.

கடைசித் திரை ஹபீபாவுடையது. அங்கே அதிசயம் ஒன்றும் இல்லை. கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரு பையன் ஒரு காலில் நின்றபடி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான், வீட்டுக்கு வந்தவன் கழற்றுவதுபோல.

"யாரு இது?"

"அவ அண்ணன் சார். செவ்வாய்க்கிழமயே பதிஞ்சாச்சு. ரெண்டு பேரு பொறுப்பு."

"அப்பிடி ஒரு விதி இருக்குல்ல," என்றார், ரொம்ப நாளைக்கு முன்னால் பார்த்த ஆளின் பெயரை நினைவுபடுத்திக்கொள்பவர் போல. கீழே இருந்த வண்டியைப் போகச் சொன்னார். பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அமலி, இன்னொரு விசயம். நேத்து நீ படுத்தேல்ல, நாடா கட்டி."

"ஆமா சார்."

"அதையும் பாத்துரு."

அவர் ஒரு திரையைத் திருப்பி வைத்தார். உப்பளம் இல்லை, வெறும் வெள்ளை. நடுவில் அதே நீலக் கதவு.

"என்னயும் கணக்குல சேக்கப் போறீங்களா சார்?"

"நீ எந்த மத வகுப்புலயும் படிக்கல. சட்டத்துல ஒனக்கு இடமில்ல." அவர் குரல் தணிந்தது. "பிள்ளைக கதவெல்லாம் தொறந்துட்டு. ஒன்னோடது மட்டும் தொறக்கல. அதுமட்டுமில்ல. அங்கெல்லாம் அந்தப் பக்கத்துலருந்து தட்டுனாங்க. இங்க தட்டுறது யாருன்னு பாரு."

பார்த்தாள். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை எழுந்து கதவைத் தட்டியது. விரலில் அவளுடைய கல்யாண மோதிரம்.

*

வீட்டில் ஜோவினின் அறைக் கதவு சாத்தியிருந்தது. நீலமெல்லாம் இல்லை. சாதாரண மரக்கதவு, சின்ன வயதில் அவன் ஒட்டிய கால்பந்து ஸ்டிக்கர் பாதி உரிந்து கிடந்தது. கதவுக்கு அப்பால் ஒரு குரல் பேசிக்கொண்டிருந்தது. மகனுடைய குரல் இல்லை. வழுவழுவென்று, எல்லாம் தெரிந்த குரல்.

அமலி கைப்பிடியைத் தொட்டாள். தள்ளினால் திறந்துகொள்ளும். கையை எடுத்துக்கொண்டாள்.

தட்டினாள்.

உள்ளே அந்தக் குரல் நின்றது.

"என்னம்மா?"

"ஒரு கனவு கண்டேம்ல. ஒன்ட்ட சொல்லலாமா?"

"நல்ல கனவா, கெட்ட கனவா?"

"தெரியலல."

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு கால்சத்தம், நிதானமாக, கதவை நோக்கி. அமலி மறுபடி ஒருமுறை தட்டினாள். நிலையின் மேலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்து அவள் கைமேல் விழுந்தது, வெள்ளையாக.